மாமாவின் முன்மூளை

எம்.ஆர்.ஐ. அறைக்குள் போவதற்கு முன்னால் உடம்பில் இருக்கும் உலோகம் எல்லாம் கழல வேண்டும். வளையல், கொலுசு, மூக்குத்தி, கொண்டை ஊசி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மகளின் கைப்பையில் போட்டுவிடும் அம்மாக்கள், தாலி என்றதும் நின்றுவிடுவார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆத்திர அவசரத்துக்கு உதவட்டும் என்று தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை இழுக்கும். விவரம் தெரிந்த மருமகள்கள் மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சளை முடிந்து எடுத்து வந்திருப்பார்கள். அது கழுத்தில் ஏறிய பிறகே கொடி இறங்கும். மறதி முற்றிப்போய் வருகிறவர்களும் இதில் மாறுவதில்லை. எந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்று தெரியாது. பெற்ற மகளின் பெயர் நாக்கில் வராது. தாலியைத் தொட வந்த நர்சின் கையை மட்டும் பிடித்துத் தள்ளிவிடுவார்கள்.

மூளையில் எது முதலில் போகிறது, எது கடைசிவரை நிற்கிறது? கதிரியக்க மருத்துவராக வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கேள்வி என்னோடு இருந்தது. அந்தக் கேள்விக்கு எனக்குள் ஒரு முகமும் உண்டு. அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமாவின் முகம்.

மாமா அம்பாசமுத்திரத்தில் கணக்கு வாத்தியார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் சிவப்பு மசிப் பேனா, யாரிடமும் அதிர்ந்து பேசாத சுபாவம். ஓய்வுபெறச் சில வருஷங்கள் இருக்கும்போது அவர் மாறத் தொடங்கினார். 1980களின் தொடக்கம் அது. மிட்டாய்க் கடை வாசலில் நின்று அல்வாவை எடுத்துத் தின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் நடந்துவிடுவார். இழவு வீட்டில் சிரிப்பார். அத்தை டைபாய்டில் படுத்துக் கிடந்தபோது தலைமாட்டில் நின்று காப்பி கேட்டார். அவள் எழ முடியாமல் அழுததை ஒரு சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பத்தொன்பதாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வார். தாமிரபரணிப் பாலம் வரை தினமும் ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் திரும்புவார். ஒரு முகமும் மறக்கவில்லை, ஒரு வழியும் தப்பவில்லை. அதனாலேயே அது வியாதி என்று யாருக்கும் தோன்றவில்லை. திமிர் என்றார்கள். செய்வினை என்றார்கள். குணசீலம் பெருமாள் கோவிலில் ஒரு மண்டலம் தங்கவைத்தார்கள். அத்தை அவரை நல்லபடியாக வைத்துக்கொள்ளவில்லை என்று மாமாவின் தங்கைகளே பேசினார்கள்.

மறதி இல்லாத மறதி நோய் ஒன்று உண்டு என்பது அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? நான் அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாடத்திலும் அதற்கு அரைப் பக்கம்கூட இல்லை.

இத்தனைக்கும் அது பழைய செய்தி. 1892இலேயே பிராக் நகரில் ஆர்னால்ட் பிக், மூளை முழுவதும் ஒரே சீராகச் சுருங்காமல் ஒரு மடல் மட்டும் கரைந்துபோன நோயாளியைப் பற்றி எழுதிவிட்டார். அந்த நோயாளியிடம் முதலில் கெட்டது பேச்சு. பின்னால் நெற்றிக்குப் பின்னிருக்கும் முன்மடலும், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் பக்கமடலும் இப்படிச் சுருங்கும் நோய்களை ஒரே குடும்பமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆங்கில எழுத்துகளில் எஃப்.டி.டி. என்று இன்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான். 45 முதல் 65 வயதுக்குள் பெரும்பாலும் தலைகாட்டும். வெட்கம், இரக்கம், கட்டுப்பாடு, இனிப்பின் மேல் இருக்கும் அளவு எல்லாம் முதலில் போகும். ஞாபகம் நெடுநாள் தங்கியிருக்கும்.

அல்சைமர் நோய் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. 1901இல் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் 51 வயது அகஸ்டே டீட்டரை அனுமதித்தபோது, அலோயிஸ் அல்சைமர் அவளிடம் கேட்டது எல்லாம் எளிய கேள்விகள். உன் பெயர் என்ன, கணவர் பெயர் என்ன, இப்போது என்ன சாப்பிடுகிறாய் என்று. பதில்கள் குழம்பின. மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அவருக்கு வழியே இல்லை. 1906 ஏப்ரலில் அவள் இறந்த பிறகு மூளை மியூனிக் நகரில் இருந்த அவருடைய ஆய்வகத்துக்குப் போனது. வெள்ளிச் சாயம் ஏற்றி உருப்பெருக்கியில் பார்த்தபோதுதான் நரம்புச் செல்களுக்கு வெளியே படிந்த திட்டுகளும் உள்ளே முறுக்கிக்கொண்ட நார்களும் தெரிந்தன. அதே ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி டூபிங்கனில் நடந்த கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மரணத்துக்குப் பிறகே நோய்க்குப் பெயர் சொல்ல முடியும் என்ற நிலை அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் நீடித்தது. மாமாவும் அந்தக் காலத்தின் கடைசிக் கணக்கில் சேர்ந்தவர்.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டன் பகுதியில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் தலையை காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி படமெடுத்தது. முன்மடலில் இருந்த கட்டி அதில் தெரிந்தது. உயிரோடு இருப்பவரின் மூளையை மண்டையோட்டைத் திறக்காமல் அடுக்கடுக்காகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் சென்னையில் மேற்படிப்புக்குச் சேர்ந்தபோது சி.டி. எங்களுக்குப் பெரிய அதிசயம். ஃபிலிமை ஈரம் காயாமல் வெளிச்சப் பெட்டியில் செருகி, பேராசிரியர் முதுகுக்குப் பின்னால் எக்கி நின்று பார்ப்போம். ரத்தக் கசிவு தெரியும், கட்டி தெரியும். மறதி என்று எழுதி வந்த சீட்டுகளுக்கு மட்டும் ஏறக்குறைய ஒரே பதில்தான் போகும்: ஏஜ் ரிலேட்டட் செரிப்ரல் அட்ரஃபி. வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்.

அந்த ஒரு வரியைத் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகள் தலையாட்டி ஏற்றுக்கொண்டிருக்கும்! வயசாச்சு, அவ்வளவுதான் என்று ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுவார்கள். கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

எம்.ஆர்.ஐ. வந்த பிறகு அந்த வரியைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. காதுக்குக் காது நிமிர்த்தி வெட்டியது போன்ற தளத்தில் பார்த்தால், பக்கமடலின் உள் ஓரத்தில் இரண்டு புறமும் ஹிப்போகேம்பஸ் தெரியும். புதிய ஞாபகங்கள் பதிவாவதற்கு அது வேண்டும். அல்சைமரில் அது மெலியும். அதையொட்டி நீர் நிற்கும் கறுப்பு இடைவெளி அகலும். 1992இல் நெதர்லாந்தின் ஃபிலிப் ஷெல்டென்ஸ் இதற்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் வகுத்தார். பொதுவாக 75 வயதுக்குக் கீழே 2 வந்தாலே சந்தேகிக்க வேண்டும். அதற்கு மேல் 3. கருவி எதுவும் வேண்டாம், கண்ணும் பழக்கமும் போதும். அதே படத்தின் வேறொரு வரிசையில், மூளையின் வெண்பொருளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் பரவியிருந்தால், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சிறிய ரத்தக்குழாய்களை அடைத்துக்கொண்டு வந்த கதை அது. நம் ஊரில் அந்தக் கதை ஏராளம். அங்கே வைத்தியம் அழுத்த மாத்திரையிலும் சர்க்கரைக் கட்டுப்பாட்டிலும் தொடங்குகிறது. முன்மடல் மட்டும் ஒட்டி உலர்ந்து, பின்பக்கம் செழிப்பாக இருந்தால் அது மாமாவின் படம்.

முதல்முறை அப்படி ஒரு படத்தைத் திரையில் பார்த்த நாளை மறக்க முடியாது. யாரோ ஒரு வங்கி அதிகாரி. மனைவி சொன்ன குறிப்பைச் சீட்டில் எழுதியிருந்தார்கள்: கடையில் பொருள் எடுக்கிறார், சிரிக்கிறார், இனிப்பு மட்டும் சாப்பிடுகிறார். நெற்றிக்குப் பின்னால் இருக்க வேண்டிய மடிப்புகள் மெலிந்து, நடுவே கறுப்பு நீர் நிறைந்திருந்தது. மாமா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. கடைசிக் காலத்தில் பேச்சு நின்று, விழுங்குவதும் மறந்து, சளி கட்டி இறந்தார். சுற்றியிருந்தவர்கள் அப்போதும் அவருடைய குணத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு வந்தபோது, அண்ணனுக்கு வந்தது தங்கைக்கும் வந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தான். நோய் ஒன்றல்ல.

அம்மா முதலில் தூக்கத்தில் கத்தினாள். காலால் உதைப்பாள், யாரையோ விரட்டுவாள். கனவுக்கு உடம்பு ஆடும் அந்தக் கோளாறு மறதிக்குப் பல வருஷம் முன்னாலேயே வந்துவிடுகிறது. பிறகு நடை குறுகியது. பிறகு பிள்ளைகள் வந்தார்கள். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் மூன்று சின்னப் பிள்ளைகள் நிற்பதாகச் சொல்வாள். பயப்படமாட்டாள். தட்டில் இட்லி எடுத்து வைத்து, "பிள்ளைக பசியோட நிக்குதுல்லா" என்பாள். காலையில் அப்படி இருப்பவள் சாயங்காலம் தெளிந்து, பேரனின் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டியாயிற்றா என்று விசாரிப்பாள்.

மூத்திரக் கிருமியால் காய்ச்சல் வந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்த ராத்திரியில் அம்மா எழுந்து கூச்சல் போட்டிருக்கிறாள். அங்கே இருந்தவர்கள் அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் ஊசி போட்டுவிட்டார்கள். விடியும்போது அம்மா மரக்கட்டையாக விறைத்துக் கிடந்தாள். கழுத்து திரும்பவில்லை; வாயில் விட்ட தண்ணீர் வழிந்தது. மீண்டு வர வாரங்கள் ஆயின. அம்மாவுக்கு இருந்தது லூயி பாடி டிமென்ஷியா என்ற மறதி நோய் என்பது பின்னால்தான் தெரிந்தது. அது உள்ளவர்களில் பலருக்கு அந்த வகை மருந்து இப்படித்தான் செய்யும், உயிரையே எடுத்துவிடவும் கூடும். வகை தெரிந்திருந்தால் அந்த ஊசி அவள் பக்கத்திலேயே வந்திருக்காது.

பெட் ஸ்கேனுக்கு அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போனோம். மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஓய்வில் இருக்கும்போதும் உடலின் ஆற்றலில் 20 சதவீதத்தைத் தின்கிறது. அதன் உணவு சர்க்கரை. கதிரியக்க ஃபுளோரின் சேர்ந்த சர்க்கரையை நரம்பில் ஏற்றினால், வேலை செய்யும் பகுதிகள் அதை வாங்கிக்கொண்டு ஒளிரும். ஓய்ந்த பகுதிகள் மங்கும். அந்த ஃபுளோரின் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதனால் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் கருவியிலிருந்து மருந்து வந்து சேரும் நேரத்தை ஒட்டியே எல்லாம் நடக்கும். அம்மா வெறும் வயிற்றோடு, கையில் ஊசிக்குழாயோடு, விளக்கைத் தணித்த சின்ன அறையில் சாய்வு நாற்காலியில் இருந்தாள். பேசக் கூடாது, எதையும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பார்ப்பதும் பேசுவதும் மூளையில் அந்தந்த இடத்தை ஒளிரச் செய்துவிடும். கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். அம்மா மூலையைப் பார்த்து யாரையோ கையசைத்து அழைத்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் ஹிப்போகேம்பஸ் பரவாயில்லை. பின்தலையில் பார்வைக்கான மடல் மங்கிக் கிடந்தது. அல்சைமரில் சீக்கிரமே மங்கும் சிங்குலேட் மடிப்பின் பின்பகுதி, சுற்றிலும் மங்கலுக்கு நடுவே தனித்து ஒளிர்ந்தது. நரம்பியல் மருத்துவர் படத்தைப் பார்ப்பதற்கு முன் தூக்கத்தில் கத்தியதைப் பற்றி நீண்ட நேரம் கேட்டிருந்தார். படமும் அந்தக் கதையும் ஒரே பெயரைச் சொன்னதும் மருந்துச் சீட்டு மாறியது. ரிவாஸ்டிக்மின் பட்டை ஒட்டிய பிறகு பிள்ளைகள் வருவது குறைந்தது. அம்மா சில வருஷம் தெளிவாக வாழ்ந்தாள்.

அல்சைமரின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஃபிரிட்ஸ் லூயி 1912இல் செல்களுக்குள் கண்ட உருண்டைகளுக்குத்தான் அவர் பெயர். மறதியோடு அதை முழுமையாக இணைத்துக் காட்டியவர் ஜப்பானின் கென்ஜி கொசாகா, 1976இல். ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014இல் இறப்பதற்குச் சில மாதம் முன்பு பார்கின்சன் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். மூளை முழுக்கப் பரவியிருந்த லூயி உருண்டைகள் பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தன. டோபமைன் நரம்புமுனைகளைக் காட்டும் ஸ்கேன் வகை ஒன்றும் உண்டு. நல்ல மூளையில் நடுவே இரண்டு காற்புள்ளிகள் தெரியும். லூயி நோயில் வால் அழிந்து இரண்டு முற்றுப்புள்ளிகளாகிவிடும். அல்சைமரில் பெரும்பாலும் காற்புள்ளி அப்படியே இருக்கும். குழப்பமான இடத்தில் இது பெரிய உதவி.

ஒரு பொங்கலுக்கு அத்தையைப் பார்க்கப் போயிருந்தபோது பேச்சு மாமாவிடம் போனது. அத்தைக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. நான் கொண்டுபோயிருந்த புத்தகத்தில், முன்மடல் நோய் வந்தவரின் பெட் படம் இருந்தது. பின்பாதி மஞ்சளும் சிவப்புமாக, முன்பாதி நீலமும் கறுப்புமாக. இந்தக் கறுப்புப் பகுதிதான் அடுத்தவர் வலியை நமக்கு உணர்த்துவது, வெட்கப்பட வைப்பது என்று விரல் வைத்துக் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"ஏட்டி, அப்ப அவுக வேணும்னே செய்யலியா?"

இல்லை அத்தை, என்றேன்.

"நான் காய்ச்சல்ல கெடந்தப்பவும்?"

அப்போதும்தான், என்றேன். அத்தை புத்தகத்தை மூடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் தன் மகனைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டி, நான் சொன்னதை வரிசை மாறாமல் சொன்னாள்.

எஃப்.டி.டி.யை நிறுத்தும் மருந்து இன்றைக்கும் இல்லை. அல்சைமருக்குக் கொடுக்கும் டோனபெசில் அதற்கு உதவாது, சிலருக்குப் படபடப்பைக் கூட்டும். மாமாவுக்கு அன்று ஒரு படம் எடுத்திருந்தாலும் அவர் பிழைத்திருக்கமாட்டார். ஆனால் அவரைத் திட்டியிருக்கமாட்டார்கள். அத்தையைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, மாசக் கணக்கில் காசு கொடுத்திருக்கலாம். ஒரு குடும்பம் உடையாமல் இருந்திருக்கும். நோயைப் பிரித்துச் சொல்லும் படத்தின் முதல் பயன் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

அல்சைமர் உருப்பெருக்கியில் கண்ட திட்டுகளையே உயிருள்ள மூளையில் பார்க்கும் நாளும் வந்தது. பிட்ஸ்பர்க்கில் வில்லியம் கிளங்கும் செஸ்டர் மாதிஸும் அந்தத் திட்டுகளில் இருக்கும் அமிலாய்டு புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சாயத்தை உருவாக்கினார்கள். 2002இல் ஸ்வீடனின் உப்சாலாவில் அதை முதலில் மனிதருக்குக் கொடுத்தார்கள். அந்தக் குழுவில் இருந்த ஹென்றி எங்லர் உருகுவே நாட்டுக்காரர். துப்பமாரோ கிளர்ச்சியாளராக 1972இல் பிடிபட்டு, தனிமைச் சிறையில் மனம் பேதலித்து, 1985இல் வெளியே வந்தவர். தன் மனத்தின் இருட்டைக் கடந்து வந்த ஒரு மனிதர், அடுத்தவர் மூளைக்குள் படிந்ததை முதலில் கண்டவர்களில் ஒருவரானார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

அமெரிக்காவில் இந்த அமிலாய்டு ஸ்கேனை 11,000க்கும் மேற்பட்டவர்களுக்கு எடுத்துப் பார்த்த ஐடியாஸ் ஆய்வு 2019இல் வெளியானது. சுமார் 25 சதவீதம் பேருக்கு, அல்சைமர் என்று நினைத்திருந்தது அல்ல என்று மாறியது. 2023இல் அங்கே முழு அனுமதி பெற்ற லெக்கானெமாப் மருந்தைத் தொடங்கவும் அமிலாய்டு இருப்பது உறுதியாக வேண்டும். அந்த மருந்து நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். மூளையில் வீக்கமோ கசிவோ வருகிறதா என்று அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் படம் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. அமெரிக்கக் கன்னியாஸ்திரீகள் 678 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், 101 வயதில் இறந்த ஒரு சகோதரியின் மூளையில் திட்டுகளும் முறுக்குகளும் நிறைய இருந்தன. கடைசிவரை அவர் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். வயதானவர்களுக்கு இரண்டு மூன்று நோய்கள் கலந்திருப்பதும் சகஜம். முதலில் எது மாறியது என்று வீட்டார் சொல்லும் கதையைப் பக்கத்தில் வைத்துத்தான் படத்தைப் படிக்க வேண்டும்.

சாதாரண ஸ்கேனிலேயே மீட்கக்கூடிய நோய்கள் தெரிந்துவிடும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்து, சில வாரம் கழித்துக் குழம்பிப்போன பாட்டிகளின் மண்டையோட்டுக்கு அடியில் பழைய ரத்தம் தேங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சின்னத் துளை போட்டு வெளியேற்றினால் பழையபடி பேசிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நடை, சிறுநீர் கட்டுப்படாமை, மறதி மூன்றும் சேர்ந்து வந்தால் மூளையின் நீரறைகள் பெருத்திருக்கக்கூடும். கொலம்பியாவின் சாலமோன் ஹக்கீம் 1965இல் எழுதிய நோய் அது. முதுகில் கொஞ்சம் நீர் எடுத்ததும் நடை தேறினால், குழாய் வைத்து நிலைமையை மாற்ற முடியும். வயசாச்சு என்று விட்டுவிட்டால் இவர்களும் போய்விடுவார்கள்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது என்று 2023இல் வந்த கணக்கெடுப்பு சொல்கிறது. எல்லாருக்கும் பெட் ஸ்கேன் வேண்டியதில்லை. எல்லாராலும் அந்தச் செலவைத் தாங்கவும் முடியாது. ஒரு நல்ல எம்.ஆர்.ஐ., அது இல்லாத ஊரில் ஒரு சி.டி., கூடவே பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை, பொறுமையாகக் கேட்கும் ஒரு மருத்துவர் என்று தொடங்கினாலே பாதி வழி தெளிந்துவிடும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இது கிடைக்கும்படி செய்வது அரசின் கடமை.

உங்கள் வீட்டுப் பெரியவர் மாறிவிட்டார் என்று தோன்றினால், முதலில் மாறியது ஞாபகமா, குணமா, பேச்சா, நடையா, தூக்கமா என்று ஒரு தாளில் தேதியோடு எழுதுங்கள். பழைய ஸ்கேன் ஃபிலிம்களைத் தூக்கிப்போடாமல் கூடவே எடுத்துச் செல்லுங்கள். டிமென்ஷியா என்று மருத்துவர் சொன்னால், எந்த வகை, எதனால் அப்படிச் சொல்கிறீர்கள், எந்த மருந்து ஆகாது என்று தயங்காமல் கேளுங்கள். பதிலை அதே தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, அவர் எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும் படுக்கையருகே இருக்கிறவரிடம் அதைக் கொடுத்துவிடுங்கள்.